பழைய கம்ப்யூட்டரும் ஐந்து கேள்விகளும்
கைத்தொழில் பாடம்



இந்தப் பாடம் நாற்பது வயதான ஒரு கம்ப்யூட்டரைப் பற்றியது. "அதை இப்போது யார் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதைப் பழுது பார்த்த நாலு நாளில் நான் படித்தது மிக்ஸிக்கும் பொருந்தும், டிவிக்கும் பொருந்தும், இன்வெர்ட்டருக்கும் பொருந்தும். மெக்கானிக்கிடம் ஏமாறாமல் இருக்கவும் அது உதவும். தொழில் கற்க நினைக்கும் பிள்ளைகளுக்கோ இதுதான் முதல் பாடம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பல வருடங்களாக டிவி, ரேடியோ பழுது பார்க்கிறவன். சில மாதங்களுக்கு முன் வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் அறையைக் காலி செய்தார்கள். காயலான் கடைக்குப் போகிற மூட்டையில் தட்டச்சு இயந்திரம் போல ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. மேலே ஒரு வரிசை சிவப்பு விசைகள். தெரிந்தவர் ஒருவர், "உனக்கு ஆகுமா பார்" என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு தேவதானம் வந்து சேர்ந்தேன். துடைத்துப் பார்த்தால் அது பிபிசி மைக்ரோ.

அது எப்படி நம் நாட்டுக்கு வந்தது?

பிரிட்டனில் பிபிசி ஒலிபரப்பு நிறுவனம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதற்காகக் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம் செய்த கம்ப்யூட்டர் இது. 1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். மொத்தம் 15 லட்சத்துக்கும் மேல் விற்றது.

நம் மத்திய அரசு 1984-இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிவைப் பரப்ப 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகள். அந்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தது இந்தப் பிபிசி மைக்ரோவைத்தான். பிறகு பஞ்சாப் மாநிலம் மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்ற அரசு நிறுவனமும் இதே வகைக் கம்ப்யூட்டரை இங்கே தயாரித்தது. 1989-இல் அந்தத் தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து நடந்தது. அதற்குள் உலகமே வேறு வகைக் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கிவிட்டது. பள்ளிகளில் இருந்தவை ஒவ்வொன்றாக அலமாரிக்குப் போயின.

இதன் நினைவகம் 32 கிலோபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைப்போல நூறு மடங்கு இடம் பிடிக்கும். ஆனாலும் அந்தப் போனுக்கும் இந்தப் பெட்டிக்கும் உறவு உண்டு. இதே வில்சனும் ஃபர்பரும் அடுத்ததாக ஒரு புதிய மூளைச் சிப்பை வடிவமைத்தார்கள். 1985-இல் அது முதன்முதலாக வேலை செய்தது. அதன் பெயர் ஆர்ம். இன்று நம் கையில் இருக்கும் போன்களில் அநேகமாக எல்லாமே அந்த ஆர்ம் வழிவந்த சிப்பில்தான் ஓடுகின்றன.

இந்தக் கதையைச் சொன்னதும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு ஆசை வந்துவிட்டது. "சின்னத்தா, ஒரு தடவை பிளக்கைச் சொருகிப் பார்ப்போமே" என்றாள். நான் வேண்டாம் என்றேன். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கேள்வி: ஆபத்து எங்கே இருக்கிறது?

பல வருடம் சும்மா கிடந்த எந்த மின்சாதனத்தையும் எடுத்தவுடன் பிளக்கில் சொருகக் கூடாது. கம்ப்யூட்டர் மட்டுமல்ல, பரணில் கிடந்த பழைய ரேடியோவும் அப்படித்தான்.

காரணம் இது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெட்டிக்குள் பவர் சப்ளை என்ற பகுதி அதை வாங்கி 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிறது. மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கண்டென்சர்கள் இருக்கும். அந்தக் காலத்தில் காகிதச் சுருளை வைத்துச் செய்தவை. வருடங்கள் போகப் போக மேலுறையில் முடி அளவு விரிசல் விழும். விரிசல் வழியே காற்றின் ஈரம் காகிதத்துக்குள் போகும். பிளக்கில் சொருகினால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் 'பட்' என்று வெடித்து, அறை முழுக்க நாற்றமடிக்கும் புகை பரவும். இந்த வகைக் கம்ப்யூட்டரில் இது உலகம் முழுவதும் தெரிந்த கோளாறு.

எங்கள் பெட்டியில் பவர் சப்ளையைத் திறந்து பார்த்தேன். இரண்டு கண்டென்சரிலும் விரிசல். பிள்ளை சொன்னபடி சொருகியிருந்தால் அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கியிருக்க முடியாது.

இங்கே ஒரு கண்டிப்பான சொல். பவர் சப்ளைப் பெட்டியைப் பயிற்சி இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர் சுமார் 325 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். நான் ஒரு நாள் முழுக்கப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பிறகும் மீட்டர் வைத்து மின்சாரம் இறங்கிவிட்டதை உறுதி செய்த பின்தான் கை வைத்தேன். கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அந்த இடத்தில் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், தொடவேண்டாம். பழைய பெட்டி டிவிக்கும் இதே சட்டம். அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

மாற்றும்போது அதே அளவு, அதே வகை போட வேண்டும். இதில் ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01 மைக்ரோஃபாரட். இரண்டும் 'எக்ஸ்2' என்ற பாதுகாப்பு முத்திரை உள்ளவை, 275 வோல்ட் ஏசி தாங்குபவை. அளவு ஒன்றாக இருக்கிறதே என்று சாதாரணக் கண்டென்சரைப் போட்டால் தீப்பிடிக்க வழி செய்கிறோம். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று சொன்னாலும் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் கேள்வி: மின்சாரம் சரியாக வந்து சேர்கிறதா?

பழுது பார்க்கும் கடைகளில் 'சீரிஸ் போர்டு' பார்த்திருப்பீர்கள். பழைய குண்டு பல்ப் ஒன்றின் வழியாக மின்சாரம் போய்ப் பிறகுதான் சாதனத்துக்குள் நுழையும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், சாதனம் தப்பிக்கும். பல்ப் ஒரு தடவை மின்னி அடங்கினால் பெரிய ஷார்ட் இல்லை என்று அறியலாம். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது.

அடுத்து, பவர் சப்ளையை மட்டும் தனியாகச் சோதித்தேன். சுமை இல்லாமல் சில பவர் சப்ளைகள் சரியாக வேலை செய்யாது. அதனால் காருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றை 5 வோல்ட் கம்பிகளில் மாட்டினேன். பல்ப் மங்கலாக எரிந்தது. மீட்டரில் 5 வோல்ட் காட்டியது. இந்தச் சிப்புகளுக்கு 4.75-க்குக் குறையாமலும் 5.25-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கூடினால் சிப் எரியும். குறைந்தால் இயந்திரம் குழம்பும்.

பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு ஏழு கம்பிகள் வருகின்றன. மூன்று சிவப்பு, 5 வோல்ட் கொண்டுவருபவை. மூன்று கறுப்பு, பூஜ்யம். ஒன்று ஊதா, மைனஸ் 5 வோல்ட். ஊதாவும் சிவப்பும் இடம் மாறினால் கதை முடிந்தது. அதனால் கழற்றும் முன்பே போனில் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

இதில் ஒரு நுணுக்கம். மின்சாரம் புறப்படும் இடத்தில் மட்டும் அளந்தால் போதாது, போய்ச் சேரும் இடத்திலும் அளக்க வேண்டும். புறப்படும்போது 5 வோல்ட்டாக இருந்து, துருப்பிடித்த இணைப்பில் கொஞ்சம் தொலைந்து, சிப்புக்குப் போகும்போது நாலரை ஆகியிருக்கலாம். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கிறது என்பதால் குழாயில் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியுமா? குழாயைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நான் இதைப் புறப்படும் இடத்தில் அளந்தேன், போய்ச்சேரும் இடத்தில் அளக்கவில்லை. அவசரம்.

மூன்றாம் கேள்வி: இயந்திரம் என்ன சொல்கிறது?

பேசத் தெரியாத பிள்ளை அழுதே சொல்வது போல, பழுதான இயந்திரமும் ஏதாவது ஒரு வழியில் சொல்லும். கேட்கத்தான் நமக்குப் பொறுமை வேண்டும்.

பிபிசி மைக்ரோ நன்றாக இருந்தால் போட்டவுடன் இரண்டு ஒலி வரும். முதலில் தாழ்ந்த 'பூ' என்ற ஒலி, அடுத்து உயர்ந்த 'பீப்'. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று ஒரு வரி, கீழே 'பேசிக்' என்று ஒரு வரி. விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான சிறு விளக்கு எரியும்.

அந்த இரண்டு ஒலியில் ஒரு செய்தி இருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் ஒலிச் சிப் தானாகவே சத்தம் போடத் தொடங்கும். மூளைச் சிப் விழித்து, தன் முதல் வேலைகளைச் செய்து, "போதும், நிறுத்து" என்று கட்டளை கொடுத்த பின்தான் அது நிற்கும். ஆகவே முதல் ஒலி நிற்காமல் 'பூ...' என்று போய்க்கொண்டே இருந்தால், மின்சாரம் வருகிறது, ஆனால் மூளை வேலை தொடங்கவில்லை என்று பொருள். ஒலியே இல்லை என்றால் மின்சாரமே போகவில்லை, அல்லது ஸ்பீக்கர் கம்பி கழன்றிருக்கிறது. ஒலி இரண்டும் சரியாக வந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால், கோளாறு படம் போகும் வழியில்தான்.

இதை டிவியின் மஞ்சள் ஏவி துளையில் இணைத்தால் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். அது கோளாறு அல்ல, அந்த இணைப்பின் இயல்பு. தெரியாதவர்கள் அதையும் 'ரிப்பேர்' செய்யப் போவார்கள்.

எங்கள் பெட்டி நிற்காமல் கத்தியது. திரையில் ஒன்றுமில்லை.

"மூளைச் சிப் போய்விட்டது" என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். அதன் பெயர் 6502. சென்னை ரிச்சி தெருவில் தெரிந்தவர் மூலம் ஒன்று வரவழைத்தேன். மாற்றினேன். மறுபடியும் அதே 'பூ...'. பணம் போனது, நாட்கள் போயின. பழைய சிப் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

மூளை வேலை தொடங்கவில்லை என்றுதான் ஒலி சொன்னது. மூளை கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஒரு தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்றால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பஸ் வராமலும் இருக்கலாம். மூளைச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும், கடிகாரத் துடிப்பு வேண்டும், 'தொடங்கு' என்ற சமிக்ஞை வேண்டும், படிப்பதற்குக் கட்டளைப் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகம் இன்னொரு சிப்பில் இருக்கிறது. இந்த நான்கில் எது தவறினாலும் அது எழுந்திருக்காது. நான் நான்கையும் பார்க்காமல் ஐந்தாவதை மாற்றினேன்.

நான்காம் கேள்வி: இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா?

அன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். பார்த்தது, செய்தது, கிடைத்த பலன் என்று மூன்று கட்டம். எழுதும் வேலை அண்ணன் மகளுக்கு.

பழைய போர்டுகளில் பல சிப்புகள் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். இருபது, முப்பது ஊசிக்கால்கள், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய தகட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வருடக்கணக்கில் ஈரமும் தூசியும் பட்டு அந்தக் கால்கள் கறுத்துவிடும். போட்டால் சூடு, அணைத்தால் குளிர் என்று விரிந்து சுருங்கிச் சிப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியும் விடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் தொடுதல் இருக்காது. மலையடிவார ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ரிமோட்டும் சுவிட்சும் முரண்டு பிடிக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இதே கதைதான்.

இந்தக் கம்ப்யூட்டரில் விசைப்பலகைக்குக் கீழே வலப்பக்கம் ஐந்து நீளச் சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. இயக்கக் கட்டளைகள் ஒரு சிப்பிலும், 'பேசிக்' என்ற மொழி இன்னொரு சிப்பிலும் இருக்கும். இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்வது என்று முடிவு செய்தோம்.

முறை இதுதான்:

பிளக்கைப் பிடுங்குங்கள். போட்டோ எடுங்கள். ஒவ்வொரு சிப்பின் ஒரு முனையிலும் பிறை போல ஒரு வெட்டு இருக்கும், அது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிச் செருகிப் போட்டால் சிப் செத்துவிடும்.

கை வைப்பதற்கு முன் எர்த் ஆன உலோகம் எதையாவது தொடுங்கள். நைலான் துணி உடம்பில் உரசி உண்டாகும் மின்னேற்றம் நமக்கு ஒரு சுருக்கென்ற உணர்வு, சிப்புக்கு அது இடி.

சிப்பை ஒரே பக்கமாக நெம்பாதீர்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மெதுவாகத் தூக்குங்கள்.

ஊசிக்கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். மருத்துவமனையில் கை துடைக்கும் திரவங்களில் சேர்ப்பது அது. தீப்பற்றும், அடுப்பு விளக்கு பக்கத்தில் வேண்டாம். நம் பக்கம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் நூல் ஊசிக்கால்களில் சிக்கும். நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியே நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

திரும்பச் செருகும்போது எல்லாக் கால்களும் அதனதன் குழியில் இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அழுத்துங்கள்.

இத்தனையும் எழுதுகிறேனே, கடைசி வரியில் சொன்னதை நான் அன்று செய்யவில்லை. கண் சோர்வு, நேரம் பத்தரை.

இந்த முறை மூளைச் சிப்பின் காலிலேயே மீட்டரை வைத்து அளந்தேன். 5 வோல்ட் சரியாக இருந்தது. பழைய 6502-ஐயே மறுபடி மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

'பூ... பீப்.'

இரண்டு ஒலி. பிள்ளை கைதட்டிவிட்டாள். திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வந்தது. ஆனால் அடுத்த வரியில் 'பேசிக்' வரவில்லை. ஆங்கிலத்தில் 'லாங்குவேஜ்?' என்று ஒரு கேள்விக்குறியோடு நின்றது. "நான் எழுந்துவிட்டேன், ஆனால் பேச மொழி எங்கே?" என்று இயந்திரமே கேட்கிறது. மொழிச் சிப்பைக் கண்டுபிடிக்க முடியாதபோது இது காட்டும் செய்தி அதுதான்.

"பேசிக் சிப் போயிருக்கும் போல. வயசாகிவிட்டது இல்லையா" என்றேன்.

ஐந்தாம் கேள்வி: கடைசியாக என்ன மாறியது?

பிள்ளை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சின்னத்தா, நாம அந்தச் சிப்பைத் தொடறதுக்கு முன்னாடி அது கெட்டுப் போயிருந்துச்சான்னு நமக்குத் தெரியாதே. தொட்டதுக்கு அப்புறம்தானே இந்தக் கேள்வியே வந்திருக்கு. நாம ஏதாவது பண்ணிட்டோமா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை நான் வாடிக்கையாளரிடம் கேட்டிருக்கிறேன்: "இதற்கு முன்னால் யாராவது கை வைத்தார்களா?" என்னைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டதில்லை.

பிளக்கைப் பிடுங்கி, பேசிக் சிப்பை வெளியே எடுத்தோம். ஓரத்தில் ஒரு கால் குழிக்குள் இறங்காமல் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. மடக்கியது நான்தான். தட்டை மூக்குக் குறட்டால் மெதுவாக நிமிர்த்தினேன். பழைய கால், இரண்டு மூன்று தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். ஒரே தடவையில் நிமிர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். இம்முறை வெளிச்சத்தைப் பிடித்தது அவள். எல்லாக் கால்களையும் எண்ணிப் பார்த்த பிறகே அழுத்தினேன்.

சுவிட்சைப் போட்டோம். இரண்டு ஒலி. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. கீழே 'பேசிக்'.

"ஏதாவது கேள்" என்றேன். 17-ஐ 23-ஆல் பெருக்கிச் சொல் என்று கட்டளை அடித்தாள். 391 என்று வந்தது. நோட்டில் தானும் பெருக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

இதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு வாடிக்கையாளருடையது என்று வைத்துக்கொள்வோம். நான் மூளைச் சிப்புக்கு ஒரு காசு, பேசிக் சிப்புக்கு ஒரு காசு, கூலி ஒரு காசு என்று வாங்கியிருப்பேன். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருந்திருக்காது. இருந்தாலும் அவர் பணம் என் அவசரத்துக்குப் போயிருக்கும். தொழிலில் நேர்மை நாக்கில் மட்டும் இருந்தால் போதாது, முறையிலும் இருக்க வேண்டும். வரிசையாகப் பார்க்காதவன், நல்லவனாக இருந்தாலும், பிறர் பணத்தை வீணாக்குவான்.

இந்த ஐந்து கேள்வியும் உங்கள் வீட்டில்

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது. முதல் கேள்வி, ஆபத்து: பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டாவது, மின்சாரம்: அதே துளையில் வேறு சாதனம் ஓடுகிறதா? மூன்றாவது, அது என்ன சொல்கிறது: கருகிய வாடை உண்டா? 'உர்ர்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா, ஒன்றுமே இல்லையா? நான்காவது, இணைப்பு: ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? ஐந்தாவது, கடைசியாக என்ன மாறியது: மாவு கெட்டியாக அரைத்தீர்களா? அப்படியானால் மிக்ஸியைத் தலைகீழாகப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும், அநேகமாகச் சிவப்பு. சுமை அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானே துண்டித்துக்கொள்ளும். கால் மணி நேரம் ஆறவிட்டு, சுமையைக் குறைத்து, பொத்தானை அழுத்தினால் ஓடும். எத்தனை மிக்ஸிகள் இந்தப் பொத்தானுக்காக மட்டும் ராஜபாளையம் வரை பஸ் ஏறி வந்திருக்கின்றன என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

எந்தச் சாதனத்திலும் ஷாக் அடிக்கிறது, வயர் உருகியிருக்கிறது, புகை வருகிறது என்றால் கேள்வி ஐந்தும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அப்படியே வீட்டில் எர்த் கம்பி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தும் மூன்றாவது துளையில் கம்பியே இல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் போட்டுக்கொள்வது பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மிக நல்லது.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். என்ன கோளாறு, அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? எழுத்தில் ஒரு சீட்டுத் தருவீர்களா? முறையாக வேலை செய்கிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

பழுது பார்க்கவே முடியாதவற்றை எரிக்காதீர்கள், ஓடையில் போடாதீர்கள். பழைய போர்டுகளின் ஈயப்பற்றில் ஈயம் இருக்கிறது. எரித்தால் புகையில் வரும், போட்டால் மண்ணில் இறங்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் அவை போய்ச்சேர வேண்டும். பழைய போர்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள்.

நினைவில் வைக்க

1. தொடும் முன்: ஆபத்து எங்கே?
2. மின்சாரம் போய்ச்சேரும் இடத்தில் சரியாக இருக்கிறதா?
3. இயந்திரம் என்ன சொல்கிறது? அது சொல்லாததை நான் சேர்த்துக்கொள்கிறேனா?
4. இணைப்புகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?
5. கடைசியாக என்ன மாறியது? மாற்றியது நானா?

வீட்டில் செய்து பார்க்க

பெரியவர்கள் ஒருவரின் துணையோடு, வீட்டில் ஓடாமல் கிடக்கும் பேட்டரிச் சாதனம் ஒன்றை, டார்ச்சோ கடிகாரமோ ரிமோட்டோ, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் பார்த்தது, செய்தது, பலன் என்று மூன்று கட்டம் போடுங்கள். ஐந்து கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரியானாலும் சரியாகாவிட்டாலும் நோட்டு வீண்போகாது.

நான் வீணாக வாங்கிய அந்த 6502 சிப் இப்போது என் மேசை மேல் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும்போது அதை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் மகள் அஸருக்குப் பின் வந்து நோட்டோடு உட்காருகிறாள். அடுத்ததாகப் பக்கத்து வீட்டு ரேடியோ காத்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அதன் முதல் ஸ்குரூவைக் கழற்றுவதும் போட்டோ எடுப்பதும் அவள் வேலை. பவர் சப்ளை மட்டும் இன்னும் என் வேலை.